மரியாதைக்கு ஒரு ‘ஹேட்’

அந்த ஓட்டலின் லாண்டரி தரைக்குக் கீழே இருந்தது. மேலே அறை எடுத்துத் தங்குகிறவர்களுக்கு அப்படி ஒரு இடம் இருப்பதே தெரியாது. மாடிகளிலிருந்து அழுக்கு விரிப்புகள் ஒரு தகரக் குழாய் வழியாகப் பொத்துப் பொத்தென்று வந்து விழும். ஒரு பக்கம் ஆள் உயர இயந்திரங்கள் துவைத்துக்கொண்டிருக்கும். இன்னொரு பக்கம் பெண்கள் வரிசையாக நின்று மடிப்பார்கள். பேசுவதென்றால் கத்தித்தான் பேச வேண்டும். கண்ணாடி அடைத்த ஒரு மூலையில் மட்டும் சத்தம் கொஞ்சம் குறைவு. அங்கே ஒரு மேசை, ஒரு டெலிபோன். அந்த டெலிபோனைச் சீதனமாகக் கொண்டு வந்தவர் மாதிரி அதன் முன்னால் உட்கார்ந்திருந்தவரைத்தான் எல்லோரும் துரை என்று கூப்பிட்டார்கள்.

பெற்றவர்கள் வைத்த பேர் வேறு. இங்கிலீஷ் பேசுகிறார் என்பதற்காக லாண்டரிப் பெண்கள் வைத்த பட்டம் அது. முதலில் கேலிக்குத்தான் வைத்தார்கள். அவர் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. போகப் போகக் கேலியும் தேய்ந்து, பட்டமே பேராகிவிட்டது. வீட்டில் மனைவிகூடக் கோபம் வந்தால் “துரை எழுந்தாச்சா?” என்றுதான் கேட்பாள்.

பல தேசத்து ஆட்கள் வந்து தங்கும் ஓட்டல் அது. அறையிலிருந்து போன் வரும். என் சட்டை எங்கே, கோட்டில் ஒரு பொத்தானைக் காணோமே, வெள்ளைப் பாவாடை எப்படி ரோஜா நிறமானது என்று இங்கிலீஷில் கேட்பார்கள். துரை இங்கிலீஷில் பதில் சொல்வார். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். அழுக்குத் துணி பிரிக்கும் வேலைக்கு வந்து, காதால் கேட்டுக் கேட்டே அந்தப் பாஷையைப் பிடித்தவர். அதில் அவருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. அது பொய்ப் பெருமையும் அல்ல. அவருக்கு இங்கிலீஷ் வந்தது. ஒரே ஒரு இடத்தில்தான் கோணல்.

அவர் சேர்ந்த காலத்தில் ஒரு மேனேஜர் இருந்தார். விறைப்பான ஆள். முதலாளியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவர் வாயில் ‘ஹேட்’ (had) வரும். முதலாளி சொல்லியிருந்தார், முதலாளி கேட்டிருந்தார் என்று பழைய கதையைச் சொல்வதற்காக அவர் அப்படிப் பேசியிருக்கலாம். பக்கத்தில் துணி பிரித்துக்கொண்டிருந்த துரைக்கு அது வேறு மாதிரி விளங்கியது. துணி தூக்குகிறவனைப் பற்றிச் சொன்னால் ‘ஹேஸ்’ (has), முதலாளியைப் பற்றிச் சொன்னால் ‘ஹேட்’. நம்மிடம் ‘வந்தான்’, ‘வந்தார்’ இருக்கிறதே, அது போலத்தான் என்று முடிவு கட்டிக்கொண்டார். ‘ஹேஸ்’ சாதாரண ஆளுக்கு. ‘ஹேட்’ மரியாதைக்கு. யாரும் சொல்லித் தராமல் தானே கண்டுபிடித்தது என்பதால் அதன்மேல் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. மடிக்கிற பெண்களுக்கும் அதைச் சொல்லிக் கொடுத்தார். அவர்களும் தலையாட்டினார்கள்.

ஒரு தடவை வயதான அம்மாள் ஒருத்தி தன் கோட்டைப் பற்றிப் போனில் விசாரித்தாள். துரை மரியாதையாக, “யுவர் கோட் ஹேட் பீன் வெரி நைஸ், மேடம்” என்றார். அந்த அம்மாள் அறைச் செருப்போடு லிஃப்டில் இறங்கி ஓடி வந்துவிட்டாள். முகத்தில் ரத்தமில்லை. கோட்டு கொக்கியில் முழுசாகத் தொங்குவதைப் பார்த்ததும் நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டாள். அன்றைக்கு வீட்டுக்குப் போய், ஒரு பெரிய இடத்து அம்மா நேரிலேயே இறங்கி வந்து நன்றி சொல்லிவிட்டுப் போனதாக மனைவியிடம் சொன்னார் துரை.

அந்த லாண்டரியில் இஸ்திரி போட்டவர் அவரைவிடப் பத்து வயது மூத்தவர். எல்லோருக்கும் அண்ணன். அதிகம் பேச மாட்டார். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரே மகள். அவள் வெளிதேசத்தில் படிக்கப் போன இடத்தில், வேறு தேசத்து, வேறு பாஷைக்காரன் ஒருவனைக் கட்டிக்கொண்டாள். அண்ணன் கல்யாணத்துக்குப் போகவில்லை. போனில் வாய்த்தகராறு ஆகி, எனக்கு மகளே இல்லை என்று இவர் சொல்ல, அப்படியானால் இனிக் கூப்பிடாதீர்கள் என்று அவள் சொல்ல, இரண்டு பேரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டு வருஷக்கணக்கில் இருந்தார்கள். அண்ணன் மகளின் நம்பரை அழித்துவிட்டார். மருமகனின் நம்பர் மட்டும் எப்படியோ அவருடைய போனில் வந்து தங்கியிருந்தது. அந்த மனிதர் மனைவிக்குத் தெரியாமல் அவ்வப்போது பேத்தியின் படத்தை அனுப்புவார். இருவருக்கும் பொதுவான பாஷை கிடையாது என்பதால் பேச்சு இல்லை, படம் மட்டும்தான். சாப்பாட்டு வேளையில் அண்ணன் அதை எடுத்துத் துரையிடம் காட்டுவார். யாருடைய குழந்தை என்று சொல்ல மாட்டார். அந்தச் சண்டை லாண்டரி முழுக்கத் தெரிந்ததுதான் என்பதால் துரையும் கேட்க மாட்டார்.

ஒரு நாள் காலை, வேலை சூடு பிடித்திருந்த நேரத்தில், அண்ணன் இஸ்திரி மேசைமேலேயே சாய்ந்தார். துணி கருகும் வாசனை வந்த பிறகுதான் மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணாடி அறையிலிருந்து முதலில் ஓடி வந்தவர் துரை. தோளில் தாங்கிப் பிடித்ததும் அவர்தான், ஓட்டல் வேனில் மடியில் தலையை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனதும் அவர்தான். மூளையில் ரத்தம் அடைத்திருக்கிறது, வலது கையும் காலும் வரவில்லை, பேச்சு குழறுகிறது, ஆனால் மீள வாய்ப்பு இருக்கிறது என்றார் டாக்டர். அடுத்த சில நாள்தான் முக்கியம், நெருங்கின சொந்தம் யாராவது இருந்தால் வரச் சொல்லுங்கள் என்றார்.

அண்ணன் இடது கையால் துரையின் சட்டையைப் பிடித்து இழுத்தார். வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. “அவகிட்ட... சொல்லு.”

இத்தனை வருஷத்தில் அவர் மகளைப் பற்றி வாய் திறந்தது அதுதான் முதல் முறை. நான் பார்த்துக்கொள்கிறேன் அண்ணே என்று துரை அவர் கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்தார்.

லாண்டரிக்கு வந்ததும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். மருமகனிடம்தான் பேச முடியும், அதுவும் இங்கிலீஷில்தான் என்றதும் எல்லோருடைய முகத்திலும் நிம்மதி தெரிந்தது. நம்ம துரை இருக்கும்போது என்ன கவலை என்றாள் மடிக்கிறவர்களில் மூத்தவள். துரை கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு, சொல்ல வேண்டியதை வாய்க்குள் ஓட்டிப் பார்த்தார். பெரிய மனிதரைப் பற்றிப் பேசுகிறோம், ஒரு மரியாதைக் குறைவும் வந்துவிடக் கூடாது. பிறகு கதவைத் திறந்து வைத்தார். அவர்களும் கேட்கட்டும் என்று நினைத்ததாகப் பிற்பாடு மனைவியிடம் ஒப்புக்கொண்டார்.

அண்ணனின் போனிலிருந்தே கூப்பிட்டார். அந்தப் பக்கம் எடுத்ததும், தான் யார் என்று சொல்லி, துக்கமான குரலில் ஆரம்பித்தார். “யுவர் ஃபாதர் இன் லா ஹேட் பீன் எ வெரி குட் மேன்.” எத்தனையோ வருஷம் எங்களோடு வேலை பார்த்தவர் என்றார், ‘ஹேட்’ போட்டு. காலையில் விழுந்தார், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம், டாக்டர்கள் எல்லாம் செய்தார்கள் என்றார், எல்லாவற்றுக்கும் ‘ஹேட்’ போட்டு. மகளைப் பார்க்க ஆசைப்பட்டார் என்றார். அதற்கும் ‘ஹேட்’.

மருமகன் ரொம்ப நேரம் கழித்து, பக்கத்தில் யாராவது இருந்தார்களா என்று கேட்டார். நான்தான் இருந்தேன் என்றார் துரை. மருமகன் நன்றி சொன்னார். குரல் உடைந்திருந்தது. என் மனைவி அடுத்த அறையில்தான் இருக்கிறாள், அவளிடம் கொடுக்கட்டுமா, நீங்களே சொல்கிறீர்களா என்று கேட்டார்.

அவளிடம் தமிழில் பேசலாம். ஆனால் துரை தயார் செய்து வைத்ததில் இன்னும் இரண்டு நல்ல வாக்கியங்கள் மிச்சம் இருந்தன. பெண்கள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். “நோ நோ, யூ இன்ஃபார்ம்” என்று சொல்லிவிட்டு அந்த இரண்டையும் சொல்லி முடித்தார்.

மருமகன் போய்விட்டுத் திரும்பி வந்தார். அவளால் பேச முடியவில்லை, உடனே கிளம்பவும் வழியில்லை, எங்களுக்காகக் காத்திருக்க வேண்டாம், செய்ய வேண்டியதையெல்லாம் முறைப்படி செய்துவிடுங்கள் என்றார். வைத்தியத்தைத்தான் சொல்கிறார் என்று துரை எடுத்துக்கொண்டார். எல்லாம் செய்கிறோம் என்று உறுதி கொடுத்தார்.

போனை வைத்ததும், காத்திருக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்று பெண்களிடம் சொன்னார். மூத்தவள் முகத்தைச் சுளித்தாள். பெற்ற அப்பன் விழுந்து கிடக்கிறான், இவளுக்குக் கிளம்ப வழியில்லையாமே என்றாள். மகளைப் பற்றி அன்று முழுக்க அங்கே பேசிய பேச்சு எதுவும் நல்ல பேச்சில்லை. துரையும் சேர்ந்து பேசினார். அண்ணனின் போன் சார்ஜ் தீர்ந்து அணைந்தது. அதை அவருடைய லாக்கரில் வைத்துப் பூட்டினார்கள். அதன்பிறகு அந்த நம்பருக்கு எத்தனை அழைப்பு வந்திருந்தாலும் யாருக்கும் தெரிய வழியில்லை.

ஆஸ்பத்திரியில் அண்ணனிடம், சொல்லிவிட்டேன், மாப்பிள்ளை உடைந்து போய்விட்டார், டிக்கெட் கிடைத்ததும் வந்துவிடுவார்கள் என்றார் துரை. டிக்கெட் என்பது அவராகச் சேர்த்தது. அண்ணன் பார்வை நேரம் முழுக்கக் கதவையே பார்த்தார். மறுநாளும் பார்த்தார். அதற்கடுத்த நாள் பார்க்கவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டுப் பார்க்கட்டுமா என்று துரை கேட்டபோது தலையை அசைத்தார்.

“வேணாம். கெஞ்சி வாங்குறதுக்கு... இது என்ன...” அதற்குமேல் நாக்கு புரளவில்லை.

அவர் கடைசியாகப் பேசியது அதுதான். அன்று இரவே இன்னொரு அடைப்பு வந்தது. உயிர் தங்கியது. பேச்சு போய்விட்டது.

அதற்குப் பிறகு ஒரு மத்தியான வேளையில் லாண்டரிக்குள் ஒரு பெண் வந்தாள். பயணத்தில் கசங்கிய உடை, கையில் ஒரு பை, வீங்கிய கண். போன் செய்தவர் யார் என்று கேட்டாள். துரை எழுந்து வந்தார். அண்ணனின் ஜாடை முகத்தில் அப்படியே இருந்தது. அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இப்போதுதான் வழி கிடைத்ததா என்று கேட்க வாயெடுத்தார். அதற்குள் அவள், அப்பா வேலை பார்த்த இடத்தைப் பார்க்கலாமா என்று கேட்டுவிட்டாள்.

இஸ்திரி மேசையில் புது ஆள் நின்றிருந்தான். அவன் ஒதுங்கிக்கொண்டான். அவள் மேசையின் விளிம்பில் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். இயந்திரம் ஒன்றை யாரோ நிறுத்தினார்கள்.

“கடைசியா அப்பாவ எங்க கொண்டு போனீங்க சார்?”

“பெரிய ஆஸ்பத்திரிக்குத்தாம்மா. மூணாவது மாடி.”

“அதுக்கப்புறம்?”

“அதுக்கப்புறம் என்ன? அங்கதான் இருக்காரு.”

அவள் திரும்பினாள். “இன்னுமா? யாரும் வந்து எடுக்கலயா? நான் செய்யச் சொல்லிட்டேனே. இத்தன நாளா பிணவறையிலயா போட்டு வச்சிருக்கீங்க?”

மூத்தவள் கையிலிருந்த விரிப்பை மேசைமேல் வைத்தாள். “உசிரோட இருக்கிற மனுஷனுக்கு எதுக்கும்மா பிணவறை?” என்றாள்.

அந்தப் பெண் கட்டி வைத்திருந்த விரிப்பு மூட்டை ஒன்றின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. துரையை நிமிர்ந்து பார்த்து, என் வீட்டுக்காரரிடம் என்ன சொன்னீர்கள், அதே வார்த்தையைச் சொல்லுங்கள் என்றாள்.

அவருக்கு மனப்பாடமாக இருந்தது. சொன்னார். முதல் வாக்கியத்தைச் சொல்லும்போது குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. அவள் முகம் மாறுவதைப் பார்க்கப் பார்க்கக் குரல் இறங்கிக்கொண்டே வந்து, கடைசி வாக்கியம் அவருக்கே கேட்கவில்லை.

“இருக்கிற ஆளப் பத்தி ஹேஸ் பீன்னு சொல்லுவாங்க சார்,” என்றாள் அவள். “ஹேட் பீன்னு சொன்னா, இருந்தார், முடிஞ்சு போச்சுன்னு அர்த்தம். நீங்க ஒவ்வொண்ணுக்கும் ஹேட் போட்டிருக்கீங்க.”

“மரியாதைக்குப் போட்டேம்மா.”

அவளுக்குப் புரியவில்லை. துரை விளக்க வேண்டியதாயிற்று. வந்தான், வந்தார் போல என்று தொடங்கினார். தான் கண்டுபிடித்த விதி, இத்தனை வருஷம் காதுக்கு இனிமையாக இருந்த விதி, வாயிலிருந்து வெளியே வந்து அத்தனை பேர் நடுவில் நின்றது. மடிக்கிற பெண்களில் ஒருத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். வேறு யாரும் சிரிக்கவில்லை. துரைக்குக் காது மடல் இரண்டும் எரிந்தன. பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் என்றால், அவர் ஏற்கெனவே பூமிக்குக் கீழேதான் நின்றுகொண்டிருந்தார்.

டாக்சியில் இருவரும் பின் இருக்கையில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து போனார்கள். பாதி வழியில் அவள் கேட்டாள்.

“போன எங்கிட்ட குடுக்கட்டுமான்னு அவர் உங்ககிட்ட கேட்டாராமே. ஏன் சார் வேணாம்னீங்க?”

துரை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தெரியாமல் செய்த தப்புக்கு ஒரு விளக்கம் இருந்தது. இதற்கு என்ன சொல்வது? அவருக்குப் பதில் தெரியும். அதைச் சொல்கிற வாய்தான் வரவில்லை. அவள் இரண்டாம் முறை கேட்கவில்லை.

வார்டுக்குள் அவள் மட்டும் போனாள். துரை வாசலிலேயே நின்றார். அண்ணன் மகளைப் பார்த்தார். பார்த்தது நிச்சயம். கண் அவள் முகத்தில் போய் நின்றது. பிறகு மெல்ல, வராத கழுத்தைச் சிரமப்பட்டுத் திருப்பி, சுவரைப் பார்த்துக்கொண்டார். அவள் என்ன பேசியும் திரும்பவில்லை. கொஞ்ச நேரத்தில் அவள் வெளியே வந்தாள்.

“நான் வீம்புக்கு வராம இருந்துட்டேன்னு நெனச்சிருக்காரு. நான் சொன்னா சாக்குன்னுதான் நெனப்பாரு. நீங்க போய்ச் சொல்லுங்க.” ஒரு கணம் நிறுத்தி, “தமிழ்ல சொல்லுங்க சார்” என்றாள்.

அதில் குத்தல் இருந்ததா என்று துரைக்குத் தெரியவில்லை. இருந்தாலும் தகும் என்று பட்டது.

கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றார். எதிர்க் கட்டிலில் ஒரு நோயாளி, அவருடைய மனைவி, சாப்பாட்டுத் தட்டு எடுக்க வந்த பணிப்பெண், எல்லோரும் இருந்தார்கள். மெதுவாகச் சொல்லலாம் என்றால் அண்ணனுக்குக் கேட்க வேண்டுமே. அதனால் சத்தமாகவே சொன்னார்.

“அண்ணே, தப்பு எம்மேலதான். நான் போன்ல பேசினது கோளாறாப் போச்சு. நீங்க செத்துப் போயிட்டீங்கன்னு அவங்களுக்குப் புரியற மாதிரி பேசிட்டேன். வேணும்னு பேசல. எனக்குத் தெரியல. தெரியாதுன்னும் எனக்குத் தெரியல. பாப்பா உங்கள எடுத்து முடிச்சிருப்பாங்கன்னு நெனச்சுக்கிட்டு வந்திருக்கு. பக்கத்து ரூம்லதான் இருந்துச்சு. பேசறீங்களான்னு மாப்பிள்ளை கேட்டாரு. நான்தான் வேணாம்னேன். எனக்கு என் இங்கிலீஷப் பேசி முடிக்கணும்னு இருந்துச்சு.”

டாக்சியில் வராத பதில் இங்கே வந்துவிட்டது. மகள் அவருக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

அண்ணன் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினார். துரையைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தார். இடது கையைத் தூக்கினார். விரலைத் தன் கண்ணுக்கடியில் வைத்து, கன்னத்தின் வழியாக மெல்லக் கீழே இழுத்தார். பிறகு அதே விரலை அவள் பக்கம் நீட்டினார்.

அழுதாயா என்று கேட்கிறார்.

அவள் தலையாட்டினாள். இன்னொரு தடவை கேட்டார். “அழுதேம்பா. வர்ற வழியெல்லாம்” என்றாள். அதைச் சொல்லும்போதே மறுபடியும் அழுதாள். அண்ணனின் முகத்தில் அசைகிற பாதி மட்டும் கோணியது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மூச்சு அடைக்கிறதோ என்று பணிப்பெண் பதறி வந்தாள். அடைக்கவில்லை, சிரிக்கிறார்.

தான் அங்கே நிற்க வேண்டிய அவசியம் இல்லை என்று துரைக்குத் தெரிந்தது. படியில் இறங்கி வந்துவிட்டார். மனசு லேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. அன்று போனை அவளிடம் கொடுக்கச் சொல்லியிருந்தால், அந்த ஒரு சிரிப்புக்குப் பதிலாக அண்ணன் பேச்சு இருந்தபோதே மகளோடு நாலு வார்த்தை பேசியிருப்பார். அந்த நாலு வார்த்தை இனிக் கிடையாது. யாரும் அதைச் சொல்லிக் காட்டவில்லை. துரைக்குத் தானாகவே கணக்குத் தெரிந்தது.

லாண்டரியிலும் யாரும் கேலி செய்யவில்லை. அவர் வந்தால் பேச்சை மாற்றினார்கள். துரை என்று கூப்பிடுவதைக்கூடச் சத்தமில்லாமல் நிறுத்திவிட்டு ‘அண்ணே’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அதுதான் அவரைத் தின்றது. முன்பு போல ஒருத்தி வாய்விட்டுச் சிரித்திருந்தால் தாங்கியிருப்பார். போன் மணி அடித்தால் எடுப்பார். “யுவர் ஷர்ட்...” என்று ஆரம்பித்து அதற்குமேல் போக முடியாமல் நிற்பார். சட்டைக்கு என்னமோ ஆகிவிட்டது என்று அறைக்காரர்கள் கலங்கினார்கள்.

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் காய் நறுக்குவதை நிறுத்தாமல் கேட்டாள். “எங்கிட்டயும்தான் அந்தக் கோட்டுக்காரம்மா கதையச் சொன்னீங்க. நன்றி சொல்ல யாராவது அறைச் செருப்போட ஓடி வருவாங்களான்னு அன்னைக்கே நெனச்சேன்” என்றாள். ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டதற்கு, நீங்கள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தீர்களே என்றாள்.

மேலே வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணுக்கு, அவருக்கு மகளாகக்கூடிய வயதுதான் இருக்கும். சாப்பாட்டு இடைவேளையில் அவளிடம் போய், எனக்கு இந்த ‘ஹேஸ்’, ‘ஹேட்’டைச் சொல்லித் தர முடியுமா என்று கேட்டார். பணியாளர் சாப்பிடும் அறையில் மற்றவர்கள் பார்க்க உட்கார்ந்து படித்தார். அவள் கெட்டிக்காரி. விதி எதையும் சொல்லவில்லை. “ஹேட் பீன் எ குட் மேன்... தமிழ்ல சொல்லுங்க பாப்போம்” என்றாள்.

“நல்ல மனுஷனா இருந்தா...” என்று ஆரம்பித்தவர் பாதியில் நின்றுவிட்டார். இருந்தார். உயிரோடு கட்டிலில் கிடக்கிறவரை எந்தத் தமிழனாவது ‘இருந்தார்’ என்று சொல்வானா? பிள்ளைக்குக்கூடத் தெரியும். சொந்தப் பாஷையில் ஒரு நாளும் செய்யாத தப்பை, கடன் வாங்கின பாஷையில் பெருமையாகச் செய்திருக்கிறார். அந்தப் பெண் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவர் கண்ணைத் துடைக்கட்டும் என்று.

அண்ணன் சக்கர நாற்காலியில் உட்காரும் அளவுக்குத் தேறினார். அவரைக் கூட்டிப் போக மருமகன் குழந்தையோடு வந்தார். துரை ஒளிந்து திரிந்தார். ஒரு நாள் மருமகனே லாண்டரிக்கு இறங்கி வந்துவிட்டார். ஒல்லியான, கூச்சப்படுகிற ஆள். மாமனாரின் லாக்கரைக் காலி செய்ய வந்ததாகச் சொன்னார். துரை கண்ணாடி அறைக்குள் அவரை உட்கார வைத்து, இந்த முறை கதவைச் சாத்தினார்.

ஒரே ஒரு வாக்கியம் தயார் செய்திருந்தார். தப்பு என்னுடையது என்பது அது. ‘இட் வாஸ் மை மிஸ்டேக்.’ ‘ஹேஸ்’, ‘ஹேட்’ எதுவும் வேண்டியிராத வாக்கியமாகப் பொறுக்கி எடுத்திருந்தார். சொன்னார்.

மருமகன், அவருக்கும் அது பிறந்த பாஷை இல்லையாதலால், மெதுவாகச் சொல் தேடித் தேடிப் பேசினார். அவர் இறந்துவிட்டாரா என்று நான் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்க நாக்கு வரவில்லை. அந்தச் சொல்லைச் சொல்வது அநாகரிகம் என்று நினைத்தேன். நீங்களும் அதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என் மனைவியிடம் போய்ச் சொன்னது நான். அவள் தரையில் விழுந்ததைப் பார்த்தது நான். அந்த ஒரு கேள்வியை நினைத்தால் எனக்கு இன்னும் தூக்கம் வருவதில்லை.

துரை தேநீர் வேண்டுமா என்று கேட்டார். இருவரும் குடித்தார்கள்.

விமான நிலையத்தில் அண்ணனின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனது துரைதான். உள்ளே போகும் இடத்தில் மகள் நாற்காலியின் பிடியை வாங்கிக்கொண்டாள். மன்னித்தேன் என்றெல்லாம் அவள் சொல்லவில்லை. “அப்பாவுக்கு அங்க பேச்சுத் துணை இருக்காது. ஞாயித்துக்கிழமை கூப்பிடுங்க. என் நம்பருக்கு” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அதிலிருந்து ஞாயிறுதோறும் கூப்பிடுகிறார். அந்தப் பக்கமிருந்து பதில் வராது, மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். புது இயந்திரம் வந்தது, மூத்தவளுக்குக் கண் அறுவை ஆனது, இஸ்திரிக்கு வந்த புது ஆள் காலர் மடிக்கத் தெரியாமல் திட்டு வாங்கியது என்று இவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போவார். எப்போதாவது தொண்டையில் அந்தக் கரகரப்பு கேட்டால் சிரிக்கிறார் என்று தெரிந்துகொள்வார்.

ஆனால் போனை முதலில் எடுப்பது அவள்தான். “சொல்லுங்க சார்” என்பாள். நலம் விசாரிப்பாள். அவள் குரலில் இப்போது கோபம் இல்லை. அன்பு இருக்கிறதா என்றும் சொல்ல முடியாது. “இருங்க, அப்பாகிட்ட குடுக்கறேன்” என்று சொல்லும் வரைக்கும் துரை நாற்காலியில் உட்காராமல் எழுந்து நின்றுகொண்டுதான் பேசுகிறார்.